கணிப்பொறி தன் வட்டை அறிவது எப்படி?

மதுரை மாநகராட்சியுடன் 2011-ஆம் ஆண்டில் இணைந்த ஆனையூர்ப் பகுதியில் பத்து வீடுகளுக்குள் நுழைந்து பார்த்தால், ஏதேனும் ஒரு வீட்டு அலமாரியில் அரசு கொடுத்த மடிக்கணினி ஒன்று உறங்கிக் கொண்டிருக்கக்கூடும். ஆனையூருக்கு மட்டும் உரிய காட்சியன்று இது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ், அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 50 லட்சம் மாணவ மாணவியர் இக்கருவியைப் பெற்றனர். அக்கா பிளஸ் டூ படித்தபோது வாங்கியது, இன்று தம்பிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. திரையும் விசைப்பலகையும் நன்றாகவே உள்ளன. ஆனால் பொத்தானை அழுத்திவிட்டு ஒரு காப்பி குடித்து வந்தாலும் முழுமையாக எழுந்திருப்பதில்லை.

போதாக்குறைக்கு, 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் இப்பழைய கருவிகளில் இல்லை. ஆகவே இரண்டு வைத்தியங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்துவது. மற்றொன்று, லினக்ஸ் என்னும் திறந்தமூல இயங்குதளத்தை நிறுவுவது. லினக்ஸ் இக்கருவிகளுக்குப் புதியதுமன்று. சென்னை சி-டாக் நிறுவனத்தின் உழைப்பில் 2007-இல் வெளியான, டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட 'பாஸ்' இயங்குதளம், இம்மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் சேர்த்தே தரப்பட்டது.

இங்கேதான் ஒரு விந்தை. பத்தாண்டுப் பழைய மடிக்கணினியில் நேற்று கடையில் வாங்கிய எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தி லினக்ஸ் பென்டிரைவைச் செருகினால், எந்த டிரைவர் குறுந்தகடும் இல்லாமல் வட்டு உடனே தெரிந்துவிடுகிறது. ஆனால் அதே வீட்டில் கல்லூரிக்காகப் புதிதாக வாங்கிய மடிக்கணினியில் அதே பென்டிரைவைச் செருகினால், சில வேளைகளில் 'வட்டு எதுவும் இல்லை' என்று லினக்ஸ் கைவிரித்துவிடுகிறது. விண்டோஸோ அதே வட்டிலிருந்து ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது! பழையதில் தெரிவது புதியதில் தெரியாமல் போவானேன்?

அறைகளும் எண்களும்

ஹார்டு டிஸ்க் என்பது காந்தப் பூச்சுள்ள தட்டுகளின் அடுக்கு. மடிக்கணினிகளில் அது நிமிடத்துக்கு 5400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. வேண்டிய இடம் படிப்புமுனையின் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். முனை தடம்விட்டுத் தடம் நகர மேலும் 12 மில்லிநொடி அளவில் ஆகும். ஆகச் சிதறிக்கிடக்கும் தகவல்களை நொடிக்கு 60 முறைக்குமேல் அதனால் எடுத்துத் தர இயலாது. எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவுமில்லை, சில்லுகள் மட்டுமே. அதே வேலை பத்தில் ஒரு மில்லிநொடியில் முடிகிறது. காப்பி ஆறுவதற்கும் ஆறாமலிருப்பதற்கும் காரணம் இவ்வளவுதான். (வட்டமான பொருள் ஏதும் இல்லாத ஒன்றையும் 'வட்டு' என்றே அழைப்பது பழக்க தோஷம். இக்கட்டுரையிலும் அப்படியே செய்வோம்.)

உள்ளே எப்படியிருந்தாலும், இயங்குதளத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. 512 பைட்டு கொள்ளும் அறைகளின் நீண்ட வரிசை; ஒவ்வோர் அறைக்கும் சுழியிலிருந்து தொடங்கும் ஓர் எண். 320 ஜி.பி. வட்டில் இத்தகைய அறைகள் 62 கோடியே 50 லட்சம். 'இந்த எண் அறையில் உள்ளதைக் கொடு', 'அந்த எண் அறையில் இதை எழுது' என்பதற்கு மேல் இயங்குதளம் கேட்பது அதிகமில்லை.

ஆனால் இக்கோரிக்கை நேரே வட்டுக்குப் போவதில்லை. இடையில் ஒரு கட்டுப்பாட்டுச் சில்லு நிற்கிறது. செயலி அச்சில்லிடம்தான் பேசியாக வேண்டும். எந்தப் பதிவேட்டில் எந்த எண்ணை இடவேண்டும், வேலை முடிந்ததை அது எவ்வாறு அறிவிக்கும் என்பதெல்லாம் சில்லுக்குச் சில்லு மாறலாம். அந்த மொழி தெரிந்த மென்பொருளுக்குத்தான் டிரைவர் என்று பெயர். டிரைவர் என்றதும் மாட்டுத்தாவணிப் பேருந்தின் ஓட்டுநர் நினைவுக்கு வரலாம். உண்மையில் இது செய்வது துபாஷி வேலை. துபாஷி இல்லாத சபையில் எவ்வளவு பெரிய மனிதர் வந்து நின்றாலும் அவர் சொல்வது யாருக்கும் புரியாதல்லவா? வட்டு 'இல்லை' என்று லினக்ஸ் சொல்லும்போது, பெரும்பாலும் அதற்குப் பொருள் 'துபாஷி இல்லை' என்பதே.

ஒரே வகை வட்டிலிருந்து

1991 ஆகஸ்டில், பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் புதிய இயங்குதளத்தைப் பற்றி முதன்முதலில் வெளியுலகுக்கு அறிவித்தார். ஏ.டி. வகை ஹார்டு டிஸ்க்கைத் தவிர வேறெதையும் அது ஒருபோதும் ஆதரிக்காமல் போகலாம் என்று அவ்வறிவிப்பிலேயே வருத்தத்துடன் குறிப்பிட்டிருந்தார். காரணம் எளிது: அவரிடம் இருந்தது அந்த ஒன்றுதான். கையில் இல்லாத கருவிக்கு டிரைவர் எழுதுவது கடினம்.

மூலநிரல் திறந்திருந்ததால் கதை வேறு விதமாகிவிட்டது. வேறு வகை வட்டு வைத்திருந்தவர்கள் தத்தம் வட்டுக்கான டிரைவரை எழுதிச் சேர்த்தனர். பிற்காலத்தில் சில்லு செய்யும் நிறுவனங்களே பொறியாளர்களை அமர்த்தி எழுதலாயின. இன்று லினக்ஸின் மையக்கருவான கெர்னலின் மூலநிரலில் பாதிக்கும் மேற்பட்டவை டிரைவர்களே. அவை தனித்தனிக் குறுந்தகடுகளில் வாராமல், கெர்னலோடு ஒரே மூட்டையாக வருகின்றன.

ஆயினும், ஆயிரம் சில்லுகளுக்கு ஆயிரம் துபாஷிகள் என்றால் தாங்காது. உண்மையான விடுதலை பொதுமொழி வந்தபோது கிட்டியது. 2004-இல் இண்டெல் நிறுவனம் ஏ.எச்.சி.ஐ. என்னும் விதிமுறையை வெளியிட்டது. சாட்டா வட்டுகளுக்கான கட்டுப்பாட்டுச் சில்லை யார் செய்தாலும், அச்சில்லுடன் எவ்வாறு பேசவேண்டும் என்பதை அது வரையறுத்தது. லினக்ஸ் அதற்கு ஒரே ஒரு டிரைவரை எழுதிக்கொண்டது. ஆனையூர் அலமாரியிலுள்ள மடிக்கணினி 2012-இல் செய்யப்பட்டதாகவும், அதில் இடும் எஸ்.எஸ்.டி. 2025-இல் செய்யப்பட்டதாகவும் இருக்கலாம். இரண்டும் சாட்டா, சில்லு பேசுவது ஏ.எச்.சி.ஐ. ஆகவே வட்டைச் செய்தது யார், என்றைக்குச் செய்தார்கள் என்ற கேள்வியே எழுவதில்லை. பழைய கருவியின் இணைப்பு நொடிக்கு 3 கிகாபிட்டு வேகமே உடையதாயிருந்து, புதிய வட்டு 6 கிகாபிட்டுக்குத் தயாராயிருந்தால், இரண்டும் குறைந்த வேகத்துக்கு உடன்பட்டுக்கொள்ளும். அதுவே சுழல்வட்டைவிடப் பன்மடங்கு.

கெர்னல் தன் துபாஷியைத் தேர்ந்தெடுக்கும் முறை அழகானது. கணிப்பொறியின் உட்பாதையில் இணைந்துள்ள ஒவ்வொரு சில்லும், கேட்டவுடன் தன் அடையாள எண்களைச் சொல்லவேண்டும் என்பது விதி. செய்தவர் யார், மாதிரி எது என்பவற்றுடன், 'என்ன இனம்' என்ற எண்ணும் உண்டு. 01-06-01 என்று சொன்னால் சேமிப்புக் கருவி, சாட்டா, ஏ.எச்.சி.ஐ. என்று பொருள். 01-08-02 என்றால் என்.வி.எம்.இ. இன எண் தெரிந்ததாயிருந்தால், செய்தவர் பெயரைக் கேள்விப்பட்டே இராவிட்டாலும் கெர்னல் அதற்குரிய டிரைவரை அழைத்துவிடும்.

என்.வி.எம்.இ. என்பது 2011 மார்ச்சில் வெளியான அடுத்த பொதுமொழி. ஏ.எச்.சி.ஐ. சுழல்வட்டுக் காலத்தில் பிறந்தது. அதில் ஒரு வட்டுக்கு ஒரே வரிசை. அவ்வரிசையில் 32 கோரிக்கைகள்தாம் நிற்கலாம். ஒரே எடையாளர் உள்ள நியாயவிலைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். எடையாளர் மெதுவாக நிறுக்கும்வரை வரிசை ஒன்றாயிருப்பது குறையன்று. எஸ்.எஸ்.டி.யோ ஒரே சமயத்தில் பல கைகளால் நிறுக்க வல்லது. எனவே புதிய விதிமுறை 65 ஆயிரம் வரிசைகள் வரை அனுமதித்தது. ஒவ்வொன்றிலும் அதே அளவு கோரிக்கைகள் நிற்கலாம். செயலியின் ஒவ்வொரு கருவுக்கும் தனி வரிசை கிடைத்துவிடும். இதற்கான டிரைவர் 2012 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 3.3 கெர்னலிலேயே இடம்பெற்றது. விண்டோஸில் அது உள்ளமைந்து வந்தது 2013-இன் 8.1 பதிப்பில். திறந்தமூலம் என்றால் எப்போதும் பின்தங்கியே வரும் என்று நினைப்பவர்கள் இத்தேதிகளைக் கவனிக்கலாம்.

கடைக்குச் செல்வோர்க்கு ஒரு சொல். எம்.2 என்ற சிறு பட்டை வடிவத்தில் சாட்டா வட்டும் உண்டு, என்.வி.எம்.இ. வட்டும் உண்டு. வடிவம் ஒன்று, மொழி வேறு. பழைய அரசு மடிக்கணினிகளில் பொதுவாகப் பொருந்துவது இவ்விரண்டும் அல்ல. இரண்டரை அங்குலச் சாட்டா வட்டுதான்.

பெட்டிக்குள் சாவி

டிரைவர் எங்கே இருக்கிறது? வட்டில். வட்டைப் படிக்க என்ன வேண்டும்? டிரைவர். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதையாக இருக்கிறதே என்று வாசகர்கள் கேட்கலாம்.

கணிப்பொறியை இயக்கியதும் முதலில் விழிப்பது, தாய்ப்பலகையிலேயே பதிந்துள்ள அடிப்படை மென்பொருள். பழைய கருவிகளில் அதற்கு பயாஸ் என்று பெயர். மெதுவாகவேனும் வட்டின் தொடக்கத்தைப் படிக்க அதற்குத் தெரியும். அதன் துணைகொண்டு இரண்டு கோப்புகள் நினைவகத்துக்கு ஏற்றப்படுகின்றன: கெர்னல் ஒன்று, அவசியமான டிரைவர்களைக் கட்டிவைத்த சிறு பொதி மற்றொன்று. அதன்பின் பயாஸின் கையை விட்டுவிட்டு, பொதியிலிருந்து உரிய டிரைவரை எடுத்துக்கொண்டு, கெர்னல் அதே வட்டைத் தானே மறுபடி தேடத் தொடங்குகிறது. லினக்ஸின் தொடக்கப் பட்டியல் திரையில் தெரிந்து, தேர்ந்தெடுத்த பிறகு 'வட்டைக் காணோம்' என்று நின்றுபோவதன் மர்மம் இதுவே. பட்டியலைக் காட்டியபோது பேசியது பயாஸ். தேடித் தோற்றது கெர்னல். வட்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவது அவசரம். பொதியில் உரிய டிரைவர் இல்லாதிருக்கலாம்.

பெயர்க் குழப்பம்

பழைய லினக்ஸில் வட்டுகளுக்கு 'எச்.டி.ஏ', 'எச்.டி.பி' என்று பெயர். பிறகு 'எஸ்.டி.ஏ', 'எஸ்.டி.பி' ஆயிற்று. சாட்டா வட்டுகளுக்கான புதிய டிரைவர்த் தொகுதி, பெரிய கணிப்பொறிகளின் ஸ்கஸி வட்டுகளுக்கென எழுதப்பட்ட அடுக்கின்மேல் கட்டப்பட்டது. ஆகவே சாதாரண வட்டும் பென்டிரைவும் ஸ்கஸி வட்டின் பெயரையே சூடிக்கொண்டன. பழைய தொகுதி 2021 ஆகஸ்டில் வந்த 5.14 கெர்னலில் முற்றிலும் நீக்கப்பட்டது. அதனால் பழைய வட்டுகள் கைவிடப்படவில்லை; அவற்றுக்கான டிரைவர்கள் அதற்குள் புதிய தொகுதிக்குக் குடிபெயர்ந்திருந்தன.

இதில் நடைமுறை ஆபத்து ஒன்று உண்டு. எஸ்.எஸ்.டி. பொருத்துபவர்கள் பழைய ஹார்டு டிஸ்க்கை எறிந்துவிடாமல், டி.வி.டி. இருந்த இடத்தில் ஒரு சட்டம் வைத்து மாட்டிக்கொள்வதுண்டு. அச்சட்டத்தைக் கடைக்காரர்கள் 'கேடி' என்பார்கள். பெயர்தான் அப்படி, செய்வது நல்ல வேலை. இப்போது வட்டுகள் இரண்டு. எது முதலில் கண்ணில் படுகிறதோ அதுவே 'எஸ்.டி.ஏ'. இன்று புதியதாயிருந்தது, பென்டிரைவையும் செருகித் தொடங்கும்போது மாறிவிடலாம். ஆகவே எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்பதை, ஒவ்வொரு பகுதியிலும் எழுதப்பட்டுள்ள நீண்ட தனி அடையாள எண்ணைக் கொண்டே லினக்ஸ் நினைவு வைக்கிறது. நிறுவும் மனிதர்தாம் அந்த ஒழுக்கத்தைக் கடைப்பிடிப்பதில்லை. நிறுவும் திரையில் பெயரைப் பாராமல், கொள்ளளவையும் மாதிரிப் பெயரையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அக்காவின் கல்யாணப் படங்கள் பழைய வட்டில்தான் இருக்கும்.

கோலமும் டிரிம் கட்டளையும்

எஸ்.எஸ்.டி.யை 'காண்பது' மட்டும் போதாது. அதன் இயல்பறிந்து நடத்தவும் வேண்டும். அதன் சில்லுகளில் சிறு சிறு பக்கங்களாக எழுதலாம். அழிப்பதோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட பெரும் கட்டமாகவே இயலும். வாசலில் கோலமிடுவது போன்றது இது. புள்ளி புள்ளியாக இடலாம். புதிதாகப் போடவேண்டுமானால் வாசல் முழுவதும் தண்ணீர் தெளித்துக் கழுவவேண்டும்.

நாம் ஒரு கோப்பை நீக்கும்போது இயங்குதளம் தன் பதிவேட்டில் மட்டுமே அதை அடிக்கிறது. அவ்வறைகள் இனித் தேவையில்லை என்பது எஸ்.எஸ்.டி.க்குத் தெரியாது. தேவையற்ற தகவலையும் பத்திரமாக இடம் மாற்றி மாற்றிப் பாதுகாத்து, வேகமும் ஆயுளும் குறைந்து கொண்டே போகும். 'இவ்வறைகள் இனி வேண்டாம்' என்று வட்டுக்குச் சொல்லும் கட்டளையே டிரிம். 2010 பிப்ரவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.33 அதை அனுப்பக் கற்றுக்கொண்டது.

வேண்டாம் என்று தவறான அறையைச் சொல்லிவிட்டால்? 2015-இல் அதுதான் நடந்தது. அல்கோலியா என்னும் தேடுபொறி நிறுவனத்தின் லினக்ஸ் கணிப்பொறிகளில் தகவல்கள் ஆங்காங்கே வெறும் சுழிகளாக மாறியிருந்தன. டிரிம் கட்டளையைத் தவறாக நிறைவேற்றுவதாகச் சாம்சங் எஸ்.எஸ்.டி.கள் மீது சந்தேகம் விழுந்தது. சாம்சங்கின் பொறியாளர்கள் ஆராய்ந்தனர். குற்றம் வட்டில் இல்லை! பல வட்டுகளை ஒன்றாக இணைத்து நடத்தும் கெர்னல் பகுதியில், டிரிம் கட்டளையைப் பிரித்து அனுப்பும் இடத்தில் பிழை இருந்தது. அவர்களே திருத்தமும் எழுதி அனுப்பினர். மூலநிரல் திறந்திருந்தமையால், குற்றஞ்சாட்டப்பட்டவரே உண்மையான குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடிந்தது. லினக்ஸில் பிழையே நேராது என்று பிரசாரம் செய்வோரும் உண்டு, அது சரியன்று. வட்டுகளின் பக்கமும் குறைகள் உண்டு. இன்னின்ன மாதிரிக்கு இன்னின்ன கட்டளையை அனுப்பாதே என்ற பட்டியலொன்று கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. புகழ்பெற்ற பெயர்கள் பல அதில் உள்ளன.

ஒளிந்துகொண்ட வட்டு

இப்போது நம் முதற் கேள்விக்கு விடை கூறலாம். புதிய மடிக்கணினியில் உள்ளது என்.வி.எம்.இ. வட்டு. லினக்ஸுக்கு அம்மொழி நன்றாகத் தெரியும். ஆனால் இண்டெல் சில்லுகள் கொண்ட சில மடிக்கணினிகளில், அடிப்படை மென்பொருளின் அமைப்புத் திரையில் சேமிப்பு முறை 'ரெய்டு' அல்லது 'ஆர்.எஸ்.டி.' என்று வைக்கப்பட்டு வருகிறது. அம்முறையில் என்.வி.எம்.இ. வட்டு தன் இன எண்ணைத் தானே சொல்ல முடிவதில்லை. சாட்டா சில்லின் முந்தானைக்குப் பின்னே அது மறைக்கப்பட்டு, தனிப்பட்ட வழியொன்றால் மட்டுமே அடையத்தக்கதாகிறது. அந்த வழியை அறிந்த டிரைவர் விண்டோஸுக்கு வழங்கப்படுகிறது. லினக்ஸ் வரிசையாக விசாரித்துக்கொண்டு வரும்போது 01-08-02 என்று யாரும் பதில் சொல்வதில்லை.

2016-இல் லெனோவோவின் யோகா 900 வகை மடிக்கணினிகளில் இது பெரும் சச்சரவாயிற்று. அவற்றில் ஏ.எச்.சி.ஐ. முறைக்கு மாற்றும் வாய்ப்பே அமைப்புத் திரையில் இல்லை. பணம் கொடுத்து வாங்கிய கருவியில் தனக்கு வேண்டிய இயங்குதளத்தை நிறுவ முடியவில்லை என்று பலர் குரலெழுப்பிய பின், லினக்ஸ் பயன்படுத்துவோர்க்கென மாற்று பயாஸை அந்நிறுவனம் வெளியிட்டது. மறைந்த வட்டை நேரடியாக அணுகும் நிரல்கள் 2016-இலும் 2019-இலும் கெர்னலுக்கு முன்மொழியப்பட்டன. விதிமுறைக்குப் புறம்பான ஏற்பாட்டுக்கு இடங்கொடுப்பதா என்ற எதிர்ப்பால் அவை ஏற்கப்படவில்லை. எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயத்தின் விலையைக் கொடுத்தவர்கள் சாதாரணப் பயனாளிகள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதற்குப் பதிலாக, இப்படி ஒரு வட்டு மறைந்திருப்பதாகவும், முறையை ஏ.எச்.சி.ஐ.க்கு மாற்றும்படியும் கெர்னல் தன் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதுகிறது. பின்வந்த கருவிகளில் 'வி.எம்.டி.' என்ற பெயரில் வேறோர் ஏற்பாடு உள்ளது. அதற்கு 2016 முதலே கெர்னலில் டிரைவர் உண்டு; எனினும் மடிக்கணினி வகைகள் அதில் பின்னரே சேர்ந்தன. ஆகவே பழைய லினக்ஸ் பதிப்பை வைத்துக்கொண்டு முயல்பவர்க்கு வட்டு தெரியாது. புதிய பதிப்பில் தெரிந்துவிடலாம்.

நிறுவுமுன் செய்யவேண்டியது, பென்டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கி, வட்டுப் பட்டியலைப் பார்ப்பது. எதையும் எழுதாமல் பார்க்க மட்டும் இதனால் முடியும். வட்டு இல்லையெனில் அமைப்புத் திரையில் சேமிப்பு முறையைப் பார்க்கவேண்டும். ஆனால் விண்டோஸையும் வைத்துக்கொள்ள விரும்புவோர் சட்டென்று மாற்றிவிடலாகாது. விண்டோஸ் தான் நிறுவப்பட்டபோது தேவைப்பட்ட டிரைவரையே தொடக்கத்தில் ஏற்றுகிறது. முறை மாறினால் இம்முறை வட்டைக் காணாமல் தவிப்பது அதுவாகிவிடும். முதலில் விண்டோஸை 'சேஃப் மோடு' எனப்படும் பாதுகாப்பு நிலையில் தொடங்குமாறு அமைத்து, கருவியை நிறுத்தி, முறையை மாற்றி, ஒருமுறை அந்நிலையில் எழுப்பினால் புதிய டிரைவரை அது ஏற்றுக்கொள்ளும். பின்னர் வழக்கமான நிலைக்குத் திருப்பிக்கொள்ளலாம்.

இன்னொன்று. விண்டோஸ் 11 கருவிகள் பலவற்றில், உரியவர் அறியாமலே வட்டு முழுவதும் பிட்லாக்கர் முறையில் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். அமைப்புத் திரையில் செய்யும் மாற்றத்தைத் திருட்டு முயற்சியாகக் கருதி, அடுத்த முறை 48 இலக்க மீட்பு எண்ணை அது கேட்கக்கூடும். எண் இல்லையேல் உள்ளிருப்பவை திரும்பக் கிடைக்கமாட்டா. அவ்வெண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும். அதை எடுத்து ஒரு தாளில் எழுதி, ஒருமுறை சரிபார்த்து, கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்துக்கொண்ட பிறகு அமைப்புத் திரையைத் திறக்கலாம்.